இரண்டாவது அடுப்பு: இண்டக்ஷனா, இன்ஃப்ராரெட்டா, இன்னொரு சிலிண்டரா?

கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் இரண்டாவதாக ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் இரண்டு சமயத்தில்தான் வரும். சமையல் பாதியில் சிலிண்டர் தீர்ந்துபோய், புக் செய்தது இன்னும் வராத நாள் ஒன்று. ஆடித் தள்ளுபடியில் 'பாத்திரம் இலவசம்' என்று அட்டை மாட்டி இண்டக்ஷன் அடுப்புகளைக் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் நாள் இன்னொன்று. நிதானமாக யோசித்து வாங்க இரண்டுமே ஏற்ற நாள் இல்லை.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இண்டக்ஷன் என்பது கொதிக்க வைக்கிற அடுப்பு. பால், வெந்நீர், குக்கரில் சாதம், பருப்பு, இட்லி என்று தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைக்கெல்லாம் அதை மிஞ்ச ஆளில்லை. தோசை, வறுவல், சுடுவது, கிளறுவது எல்லாம் கேஸில்தான் சரிப்படும். இன்ஃப்ராரெட் அடுப்பு, கேஸ் இணைப்பே இல்லாதவர்களுக்கு. இதில் பணம் மிச்சமாகுமா என்பது தனிக் கணக்கு. அதற்கு உங்கள் ஈ.பி. ரீடிங்கைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் இண்டக்ஷன், இன்ஃப்ராரெட் என்ற இந்த இரண்டு மின்சார அடுப்பும் எப்படிச் சூடாகின்றன என்று பார்த்துவிடலாம். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வேகத்தில் திசை மாறுவது. இண்டக்ஷன் அடுப்புக்குள் இருக்கும் போர்டு அதை விநாடிக்கு 20,000 சுற்றுக்கும் மேலாக்கி, கண்ணாடிக்கு அடியில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்கு அனுப்புகிறது. காந்தம் ஒட்டுகிற உலோகம் மேலே இருந்தால், அதன் அடிப்பாகத்தில் மின்னோட்டம் சுழன்று அந்த அடிப்பாகமே சூடாகிவிடுகிறது. கண்ணாடி தானாகச் சூடாவதில்லை, பாத்திரத்தின் சூடு ஏறித்தான் வெதுவெதுப்பாகிறது. இன்ஃப்ராரெட்டில் கதையே வேறு. கண்ணாடிக்கு அடியில் கம்பி செக்கச்செவேல் என்று பழுத்து, கண்ணாடி கொதித்து, அதற்கப்புறம்தான் பாத்திரத்துக்குச் சூடு போகிறது.

இந்த வித்தியாசம் பால் காய்ச்சும்போது நன்றாகத் தெரியும். இண்டக்ஷனில் பால் விளிம்புக்கு ஏறி வரும் நேரத்தில் பட்டனை அழுத்தினால் நுரை அப்படியே இறங்கிவிடும். கேஸில் அணைத்தாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். இன்ஃப்ராரெட்டில் அணைத்த பிறகும் கண்ணாடியில் சூடு நிற்பதால் பால் பொங்கி வழிந்து, கொதிக்கிற கண்ணாடியில் கருகிப் பிடித்துக்கொள்ளும். சுரண்டி எடுப்பது பெரும்பாடு. பாத்திரத்தையே தூக்கி நகர்த்தினால்தான் தப்பிக்கலாம். வீட்டில் தவழும் குழந்தையோ, துறுதுறுவென்று கை நீட்டும் பிள்ளையோ இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் போன பிறகும் அந்தக் கண்ணாடி நெடுநேரம் சுடும்.

சரி, பாத்திரங்களுக்கு வருவோம். நம் வீடுகளில் இண்டக்ஷன் தோற்பது இங்கேதான், கடைக்காரர் இதைச் சொல்வதுமில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைச் சாமான்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஹிண்டாலியம் வாணலியில் ஒட்டாது. அலுமினிய இட்லிப் பானையில் ஒட்டாது. பித்தளை, செம்பு, மண்சட்டி, கல்சட்டி எதிலும் ஒட்டாது. ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருக்கும் வீடுகளில் அதையும் மறந்துவிட வேண்டியதுதான். ஈயச்சொம்பை இன்ஃப்ராரெட்டிலும் வைக்கச் சொல்ல மாட்டேன். அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், பழுத்த கண்ணாடியோ அதைவிட அதிகமாகச் சுடும். உள்ளே ரசம் இருக்கும்வரை பிழைக்கும், வற்றினால் சொம்பு போச்சு.

எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும் என்று நம்பாதீர்கள். நிக்கல் அதிகம் கலந்த நல்ல எஃகில் ஒட்டாமலே போகலாம். ஒட்டுகிற மெல்லிசான பாத்திரத்திலோ வேறொரு தொல்லை. முழு வேகத்தில் வைத்தால் அடிப்பாகம் புடைத்துக்கொள்ளும். ஒருமுறை புடைத்துவிட்டால் அப்புறம் கண்ணாடியில் சமமாக உட்காராது, பம்பரமாகச் சுற்றும். உருண்டை அடி கொண்ட இருப்புச்சட்டியும் இப்படித்தான். இரும்புதான், காந்தம் ஒட்டும், ஆனால் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத்தான் கண்ணாடியைத் தொடும். அப்பளம் பொரிக்கக்கூட ஆகாது.

குக்கர் தேறும். எவர்சில்வர் குக்கர் என்றால் தடித்த அடியுள்ளதாகப் பாருங்கள். அலுமினியக் குக்கர் என்றால் 'இண்டக்ஷன் பேஸ்' என்று அடியில் எஃகுத் தகடு பதித்தது வேண்டும். விசில் கணக்கு மட்டும் மாறும். இண்டக்ஷனில் சூடு அடியிலேயே குவிந்து வேகமாக ஏறுவதால் விசில்கள் படபடவென்று வந்துவிடும். கேஸில் நாலு விசில் விட்டுப் பழகிய துவரம்பருப்பு இங்கே நாலு விசிலில் முழிக்கும். முதல் விசில் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டு, விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணிச் சமைக்கிறவர்களுக்குச் சிக்கலில்லை.

தோசைக்கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். வார்ப்பிரும்புக் கல் இண்டக்ஷனில் வேலை செய்யும். ஆனால் மலிவு விலை அடுப்புகளில் கம்பிச் சுருளின் அகலம் ஒரு சாண் கூட இருக்காது. பன்னிரண்டு அங்குலக் கல்லில் தோசை ஊற்றினால் நடுவில் பழுப்பாக முறுகி, ஓரம் வெள்ளையாக மாவு மாவாக நிற்கும். கல்லைக் குறைந்த வேகத்தில் வைத்து நிதானமாகக் காயவிட்டால் ஓரளவு சமமாகும். எடுத்த எடுப்பில் 2,000 வாட்டில் வைத்தால் கல் வளையவும் விரியவும்கூடும். கல்லின் சொரசொரப்பான அடியை இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும். ஒருவருக்கு இரண்டு தோசை வார்க்க இது போதும். வீட்டில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து கேட்கும்போது இந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது. இந்த வேலைக்கு இன்ஃப்ராரெட் கொஞ்சம் பரவாயில்லை, கேஸுக்கு ஈடில்லை.

மலிவான இண்டக்ஷன் அடுப்புகளில் இன்னொரு குணம் உண்டு. வேகத்தைக் குறைத்து வைத்தால் அவை உண்மையில் சிறு தீயாக எரிவதில்லை. சில விநாடி நல்ல வேகத்தில் ஓடும், சில விநாடி நின்றுவிடும், மறுபடி ஓடும். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது பாருங்கள்: குமிழ் குபுகுபுவென்று மேலே வரும், சட்டென்று அடங்கும், மறுபடி வரும். கம்பிப் பதம் பார்க்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். வெண்ணெய் காய்ச்சும்போதும், மிளகாய்ப் பொடி போட்டு வதக்கும்போதும் இதே தொந்தரவுதான். அந்த ஓடுகிற விநாடிகளில் பொடி கருகிவிடும். விலை கூடிய மாடல்களில் இது குறைவு. அட்டையில் 'தோசை', 'பால்', 'சப்பாத்தி', 'கறி' என்று வரிசையாகப் பட்டன் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொன்றும் முன்கூட்டியே குறித்து வைத்த வேகமும் நேரமும்தான். வாங்கிய வாரம் அழுத்திப் பார்ப்பார்கள், அப்புறம் யாரும் தொடுவதில்லை.

இனி பணக் கணக்கு. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிசக்தி ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது அத்தனையும் பாத்திரத்துக்குள் போய்விடாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டு எல்.பி.ஜி. அடுப்பு குறைந்தது 68 சதவீதத் திறன் காட்ட வேண்டும், ஆனால் அது சோதனைக்கூடத்தில், சுத்தமான பர்னரில். வீட்டில் பர்னர் அடைத்து, தீ பாத்திரத்தைத் தாண்டி எரிந்து, மின்விசிறிக் காற்றும் அடிக்கும்போது 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நியாயம். இண்டக்ஷனுக்கு 85 சதவீதம் வைக்கலாம். அப்படிப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் சுமார் 128 யூனிட்டில் செய்துவிடும். 2025 ஏப்ரலில் விலை ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த விலையை 128-ஆல் வகுத்துப் பார்த்தால் வருவது 6 ரூபாய் 80 காசு. உங்களுக்குக் கிடைக்கும் யூனிட் இதைவிட மலிவென்றால் இண்டக்ஷன் லாபம், கூடுதலென்றால் கேஸ் லாபம். விலை மாறினால் அன்றைய சிலிண்டர் விலையை 128-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் யூனிட் விலை என்ன என்பதில்தான் சூட்சுமம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாத ரீடிங்கில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 80 காசு, 500 வரை 6 ரூபாய் 45 காசு. 500-ஐத் தாண்டினால் 600 வரை 8 ரூபாய் 55 காசு. அதோடு விட்டால் பரவாயில்லை. தாண்டிய மறுகணமே இரண்டாவது நூறுக்கான சலுகையும் போய், அதற்கும் 4 ரூபாய் 80 காசு என்று கணக்காகும். அதாவது 501-ஆவது யூனிட் ஒன்றுக்காகவே 245 ரூபாய் கூடுதலாக விழும்.

ஒரு வீட்டில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகிறது, அதில் பாதிச் சமையலை இண்டக்ஷனுக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 90 யூனிட் கூடும், கேஸில் சுமார் 600 ரூபாய் மிச்சம். அந்த வீட்டு ரீடிங் ஏற்கெனவே 150 என்றால், கூடும் 90 யூனிட்டுக்கு 310 ரூபாய்தான் ஆகும். பாதிக்குப் பாதி லாபம். 350 ஓடும் வீடு என்றால் 498 ரூபாய், அதாவது இரண்டு மாதத்துக்கு நூறு ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். 450 ஓடுகிற வீட்டில் இது 540-க்குப் போய், கூடுதல் பில் 910 ரூபாய் ஆகிவிடும். கேஸில் மிச்சம் பிடித்ததைவிட 300 ரூபாய் கைநஷ்டம். ஒரே அடுப்பு, ஒரே சமையல், அடுத்தடுத்த வீடுகளில் இப்படி மாறும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் லாபம் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடையில் ஏ.சி. ஓடும் இரண்டு மூன்று மாதம் பல வீடுகளில் ரீடிங் 500-ஐத் தாண்டும். அந்த மாதங்களில் கேஸ், மழைக்காலத்தில் இண்டக்ஷன் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான் உண்மையில் மிச்சம் பிடிக்கிறார்கள். உஜ்வலா என்ற மத்திய அரசுத் திட்ட இணைப்பில் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வருகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுகும். மேலே சொன்ன சிலிண்டர் விலையில் அவர்களுக்கு 4 ரூபாய் 44 காசுக்குக் கீழே யூனிட் கிடைத்தால்தான் லாபம், அதாவது ரீடிங் 200-ஐத் தாண்டக் கூடாது.

வாடகை வீட்டில் உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வாங்குகிறார் என்றால் கணக்கே போட வேண்டாம். கேஸோடு இருந்துவிடுங்கள்.

வயரிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சி செருகும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது, அதில் தாங்காது. மூன்று முனையுள்ள பெரிய பவர் பிளக் வேண்டும், அதற்குத் தனி வயர் வந்திருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பிளக் முனை பழுப்பேறி உருகும். பழைய வீடுகளில் சமையலறையில் ஒரே பவர் பிளக் இருந்து, அதிலும் ஃபிரிட்ஜ் மாட்டியிருக்கும். அப்படியென்றால் எலக்ட்ரீஷியன் கூலியையும் அடுப்பு விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இந்த இரண்டு அடுப்புமே ஓடாது.

ரிப்பேர் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கேஸ் அடுப்பு இருபது வருடம் உழைக்கும், பர்னரைக் கழற்றி நாமே ஊசியால் அடைப்பெடுக்கலாம். இண்டக்ஷனுக்குள் இருப்பது மின்னணு போர்டு. அடியில் உள்ள விசிறிக்குக் காற்றுப் போக வேண்டும் என்று வைத்திருக்கும் துளைகள் வழியே கரப்பான் பூச்சி உள்ளே போய் வெதுவெதுப்பாகக் குடியேறிவிடும். போர்டில் அது ஊர்ந்து ஷார்ட் ஆனால் ஃப்யூஸோடு பெரிய டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகும். எங்கள் வீட்டு அடுப்பை ரிப்பேர்காரர் திறந்தபோது உள்ளே இருந்ததைப் பார்த்த பிறகு, இரவில் அதைத் துடைத்து ஒரு துணிப் பைக்குள் போட்டு வைக்கிறோம். சமைத்து முடித்த உடனே பிளக்கைப் பிடுங்குவதும் கெடுதல். அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடித்தான் உள்ளே உள்ள சூடு இறங்கும். இன்ஃப்ராரெட்டில் போர்டு எளிமையானது, ஆனால் கண்ணாடியின் சூடு அதற்கும் எமன்தான்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் இண்டக்ஷனையே சொல்வேன். தீ இல்லை, கேஸ் கசிவு இல்லை, முந்தானை பற்றிக்கொள்ளும் பயம் இல்லை. பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும். டைமர் வைத்துவிட்டால் மறந்துபோய்க் கோயிலுக்குப் போனாலும் வெந்நீர் வற்றி வீடு புகையாது. ஆனால் வழவழவென்று தொடுதிரை மாதிரி இருக்கும் மாடல் அவர்களுக்கு வேண்டாம். ஈரக்கை பட்டால் அது சண்டித்தனம் செய்யும், எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது வழக்கம். அடுப்பின் முன் நின்று சமைக்கிறவர் அத்தனை தள்ளி நிற்க முடியாது, மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

'ஓவன்' வேலையும் இதிலேயே ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். பானாசோனிக் நிறுவனம் 2016-இல் அமெரிக்காவில் அப்படி ஒன்றை இறக்கியது: கீழே இண்டக்ஷன், மேலே இன்ஃப்ராரெட், நடுவில் மூடிய பெட்டி, விலை சுமார் 600 டாலர். கோழியை ஒரு தட்டில் வைத்து வாட்டி எடுக்கும் ஊருக்கு அது சரி. நம் கடைகளில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைக்கும் அடுப்பில் கேக் வேகாது. கேக்தான் வேண்டுமென்றால் ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனைத் தனியாக வாங்குங்கள்.

இன்னொரு சிலிண்டர் என்ற வழியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, எனக்கு அது நியாயமான வழியாகவே தெரிகிறது. 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய், இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பணம் திரும்ப வரும். புதிதாக ஒரு பாத்திரம் வாங்க வேண்டாம், வயரிங் வேண்டாம், விசிலை மறுபடி கற்க வேண்டாம். சிலிண்டர் தீர்ந்து திண்டாடுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், மருந்து இதுதான். ஆனால் கேஸே வராமல் போனால் இரண்டு சிலிண்டரும் காலிதான். 2022-இல் இலங்கையில் மக்கள் கேஸுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், அதே வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரமும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையின் தென்பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது சோறு பொங்கியது கேஸில்தான். ஆகவே கேஸை ஒப்படைத்துவிட்டு முழுக்க மின்சாரத்துக்கு மாறும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, அதுவும் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு.

வேலைக்காக வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இன்ஃப்ராரெட் பொருந்தும். கையில் கிடைத்த பாத்திரத்தில் சமைக்கலாம், வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அலுமினியச் சட்டியும் வேலை செய்யும், கம்பி வலை வைத்து அப்பளமும் சுடலாம். மின்சாரம் இண்டக்ஷனைவிடக் கூடுதலாகத்தான் இழுக்கும். அறைக்கு மொத்த வாடகையில் கரண்ட்டும் அடக்கம் என்றால் அந்தக் கவலை உரிமையாளருடையது. அவர் அனுமதிக்கிறாரா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி, ரீடிங் 400-க்குள் இருந்து, சமையலறையில் பவர் பிளக்கும் இருந்தால் 1,800 அல்லது 2,000 வாட்டில் பட்டன் வைத்த சாதாரண இண்டக்ஷன் ஒன்று வாங்கலாம். 1,200 வாட் வேண்டாம், மூன்று லிட்டர் குக்கர் விசில் வருவதற்குள் பசி அடங்கிவிடும். கடையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். விசிறிச் சத்தம் காதைக் குடைகிறதா, 400 வாட்டில் வைத்தால் எத்தனை விநாடிக்கு ஒருமுறை நின்று ஓடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இலவசமாகத் தரும் பாத்திரத்தையும் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் அதை வேண்டாமென்று சொல்லி விலையில் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், அந்தக் காசில் கனமான அடியுள்ள ஒரு பால் பாத்திரம் வாங்கிக்கொள்ளலாம்.